பெட்டிக்கு முன்னால் தண்ணீர்

பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' மாமா வாங்கித் தந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம். கெட்டி அட்டை, கொள்ளை மலிவு. பேய்க்கும் பூதத்துக்கும் குடியுரிமை தராத தேசம் அது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சோவியத் தேசத்தில்தான் 1989இல், காலை நேரத் தொலைக்காட்சியில், ஆலன் சுமாக் என்பவர் வாய் திறக்காமல் கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் பெட்டிக்கு முன்னால் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் வைத்தார்கள். சக்தி ஏறிய தண்ணீராம், குடித்தால் நோய் தீருமாம். முகத்துக்குப் பூசும் கிரீமையும் விடவில்லை. அனத்தோலி காஷ்பிரோவ்ஸ்கி வேறு ரகம். மனநல மருத்துவர், முறைத்துப் பார்த்தபடி பேசுவார். தழும்பு மறைந்தது, நரை கறுத்தது என்று ஆட்கள் சாட்சி சொன்னார்கள். அக்டோபரில் வரோனெஷ் நகரப் பூங்காவில் வேற்றுக்கிரகவாசிகள் இறங்கியதாகச் செய்தி வெளியிட்டது சாட்சாத் அரசுச் செய்தி நிறுவனமான தாஸ்.

மாமாவுக்குத் தாஸ் சொன்னால் வேதம்.

சுரங்கத் தொழிலாளர்கள் சோப்புக்கும் சேர்த்து வேலைநிறுத்தம் செய்த வருஷம் அது. அதற்கு முந்தைய வருஷம் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்திருந்தார்கள். பாடப்புத்தகம் பொய் என்று அரசே ஒப்புக்கொண்டபின் பிள்ளைகள் எதைத்தான் எழுதுவார்கள்? காலம் குழம்பினால் ஜனங்கள் மந்திரவாதியைத் தேடுவார்கள் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. இங்கே யாரும் தேடிப் போகவில்லையே. 70 வருஷம் மூடநம்பிக்கையைத் திட்டித் தீர்த்த அரசாங்கம் தன் அலைவரிசையிலேயே அவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. இவ்வளவு கறாரான ஆட்களே அனுமதிக்கிறார்கள் என்றால், ஏதோ இருக்கத்தானே வேண்டும்? அரசு மீதிருந்த பழைய நம்பிக்கைதான் அந்த ஜாடிகளை நிரப்பியது.

1995 செப்டம்பர் 21, நம்மூரில் பிள்ளையார் பால் குடித்த நாள். தாராளமயம் வந்து நாலு வருஷமாகியிருந்தது. வீட்டுக்குள் புதுப்புதுச் சேனல்கள். தெருக்கோடிக் கோயில் வரிசையில் மாமாவும் ஸ்பூனோடு நின்றார்.

"என்ன மாமா, நீங்களுமா?"

"டிவியிலேயே காட்டுறான்டா."

பரப்பு இழுவிசை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். விளிம்புவரை நிரம்பிய டம்ளரில் குண்டூசி குண்டூசியாகப் போட்டு, தண்ணீர் வழியாத விந்தையைப் பெரெல்மான் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். பாவம், 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் செத்துப்போனார் மனிதர்.

காஷ்பிரோவ்ஸ்கிக்கு ஒரு குறையும் வரவில்லை. சோவியத் கலைந்து இரண்டு வருஷத்தில், 1993இல், ஷிரினோவ்ஸ்கி என்ற அரசியல்வாதியின் கட்சி சார்பில் ரஷ்ய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். திரையிலிருந்து நேரே சபைக்கு. இதற்கு நம்மூர்க்காரர்கள் ஆச்சரியப்படப்போவதில்லை.