மெல்லச் சுழலும் சூரியன்

வத்தலக்குண்டில் பழைய புத்தகக் கட்டு ஒன்றில் எனக்குக் கிடைத்த புவியியல் பாடநூலுக்கு அட்டை கிடையாது. முதல் பாடம் சூரியக் குடும்பம் பிறந்த கதை. எப்போதோ வேறொரு விண்மீன் சூரியனை உரசுவதுபோல் கடந்து போனதாம். அதன் ஈர்ப்பில் சூரியனிலிருந்து வாயு சுருட்டு வடிவில் இழுபட்டு வந்து, துண்டு துண்டாகிக் கோள்களாக உறைந்ததாம். கோட்டுப்படமும் இருந்தது. பருத்த நடுப்பகுதியில் வியாழனும் சனியும், மெலிந்த முனைகளில் சின்னக் கோள்கள். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைக்கு ஜேம்ஸ் ஜீன்ஸின் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வெகுகாலம் அதை நம்பினேன்.

அதே பாடத்தில் லாப்லாஸுக்கு ஒரே ஒரு பத்தி. சுழலும் வாயு மேகம் ஒன்று சுருங்கிச் சூரியனும் கோள்களும் ஆயின என்று 1796-இல் அவர் எழுதினார். 1755-இலேயே கான்ட் ஏறத்தாழ அதைச் சொல்லியிருந்தார். பத்தியின் கடைசி வரி, இந்தக் கொள்கை கைவிடப்பட்டது என்று முடிந்தது. ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்தது, இன்றும் விடவில்லை.

தட்டாமாலை சுற்றும் பிள்ளை விரித்த கைகளை மார்போடு சேர்த்தால் சுழற்சி வேகமெடுக்கும். சுருங்கும் மேகத்துக்கும் அதுவே விதி. அப்படியானால் எல்லாப் பொருளையும் நடுவில் இழுத்துக்கொண்ட சூரியன்தான் மிக வேகமாகச் சுழல வேண்டும். கணக்கோ தலைகீழாக இருக்கிறது. சூரியக் குடும்பத்தின் எடையில் 99.8 விழுக்காடு சூரியனுடையது. ஆனால் மொத்தச் சுழற்சியில், இயற்பியலார் கோண உந்தம் என்பதில், இரண்டு விழுக்காடுகூட அதனிடம் இல்லை. பாதிக்கு மேல் வியாழன் வைத்திருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டிய சூரியன் நடுக்கோட்டில் ஏறத்தாழ 25 நாள் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு உதைத்ததால்தான் லாப்லாஸை ஒதுக்கி, வழிப்போக்கு விண்மீனைத் துணைக்கு அழைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. சூரியனிலிருந்து பிடுங்கிய அத்தனை சூடான வாயு கோளாகத் திரளாது, சிதறித்தான் போகும் என்று 1939-இல் லைமன் ஸ்பிட்சர் காட்டினார்.

விடைக்கான துப்பு சூரியனின் முகத்திலேயே இருந்தது. அந்த முகத்தை நாள்தோறும் படமெடுத்து வைத்த இடங்களில் ஒன்று எங்கள் தலைக்கு மேலே, பழனி மலையில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் எழுந்தது. அதில் பிறந்தது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சென்னையிலிருந்து 1899-இல் அங்கே மாறினார்கள். மலைச்சாலை இல்லாத காலம். கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும். அப்படி ஏறிப் போனவர்கள் 1904 முதல் சூரியனைக் கால்சிய ஒளியில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடித் தகடுகளில் பதிந்த அந்தப் படவரிசை ஒரு நூற்றாண்டுக்கு நீண்டது.

1908-இல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அந்த ஓட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மழையைத் தேடிப் போனவர்களின் கையில் ஒரு காந்த விண்மீனின் வரலாறு சேர்ந்துகொண்டிருந்தது.

லாப்லாஸிடம் இல்லாதது இந்தக் காந்தம்தான். சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன், சுழியத்துக்குக் கீழே 260 டிகிரி குளிரில் ஒரு வாயு மேகம் சரிந்தது. அதன் நடுவே இளஞ்சூரியன், சுற்றிலும் வாயுவும் தூசியும் கலந்த தட்டு. இளஞ்சூரியனின் காந்தப்புலம் தட்டைப் பற்றிக்கொண்டு சுழற்சியை வெளியே தள்ளியது. தட்டு கலைந்த பிறகு சூரியக் காற்று அந்த வேலையைத் தொடர்ந்தது. அந்தக் காற்றின் மின்னேற்ற வாயு காந்தக் கோடுகளின் பிடியில் வெகுதூரம் உடன்சுழன்று, பிறகுதான் பிரிந்து போகிறது. போகும்போது சூரியனின் சுழற்சியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

அந்தத் தட்டின் தூசியில் உருவான கற்கள் இப்போதும் பூமியில் விழுகின்றன. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த விண்கல் அந்த வகைதான். மலையையும் மண்ணையும்விட மூத்த கல் அது.

ஒரு கொள்கையைக் கணக்கு உதைத்தபோது அறிஞர்கள் கைவிட்டது நேர்மை. விடுபட்டது என்ன என்று தெரிந்ததும் அதை மீண்டும் ஏற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய நேர்மை. இரண்டுக்கும் நடுவே, உடனடிப் பலன் எதிர்பாராமல் நாள்தோறும் சூரியனைப் பதிந்துவைத்தவர்களின் பொறுமை இருக்கிறது. சூரியன் எந்த அகலாங்கில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அளக்க, கொடைக்கானல் தகடுகளை இன்றைய ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்த கருவி, 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 கலத்தில் இருக்கிறது. அதே கலத்தின் வேறு கருவிகள் சூரியக் காற்றை அளக்கின்றன. நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் சூரியப் பொருள் அந்தக் காற்றில் வெளியேறுகிறது. சூரியன் இன்னும் வேகம் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாதீர்கள். சூரியனுக்கு நூறாண்டுக் குறிப்பேடு எழுதிய மலை இதுதான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.