எட்டா, நாலா?

டேப்பா ஸ்பேஸான்னு கேட்டா பொட்டி தட்டுற எவனும் சும்மா இருக்க மாட்டான். இட்லிக்குச் சாம்பாரா சட்னியாங்கற மாதிரி பரம்பரைச் சண்டை. அதுல எனக்குக் கட்சி கிடையாது. ஒரே ஃபைல்ல ரெண்டையும் கலந்து வெச்சிட்டு வேலையை விட்டுப் போறான் பாருங்க, அவன்கிட்டதான் எனக்குப் பயம் :-)

அப்படி ஒரு ஃபைல் போன மாசம் அடையாறுல என் வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்துச்சு. மாசாமாசம் பில் போடற நிரல். பைத்தான் 2-ல எழுதினது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சு போச்சு, அதனால 3-க்கு மாத்தியே ஆகணும். பைத்தான் 3-க்கு இந்தக் கலப்படம் ஆகாது. டேப்எரர்னு சொல்லிட்டு உக்காந்துடும்.

"ஒரு வரி ஸ்கிரிப்ட்தானேண்ணா, டேப் இருக்கற எடத்துல எல்லாம் நாலு ஸ்பேஸ் போட்டுடலாம்"னான் கூட வேலை செய்யற தம்பி.

டேப்புக்குன்னு சொந்தமா அகலம் கிடையாது. 'அடுத்த நிறுத்தத்துக்குப் போ'ங்கற தட்டச்சு இயந்திர காலத்துக் கட்டளை அது. நிறுத்தம் எங்கேன்னு ஒவ்வொரு எடிட்டரும் தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கும். என் எடிட்டருக்கு நாலு. பைத்தான் 2-க்கு எட்டு.

அந்த ஃபைல்ல ஒரு இடம். ஒவ்வொரு வாடிக்கையாளரா எடுத்து, கெடு தாண்டியிருந்தா நினைவூட்டல் அனுப்பு. இது எட்டு ஸ்பேஸ் தள்ளி இருக்கு. அடுத்த வரி, அபராதம் சேர். இது ஒரு டேப் தள்ளி. எட்டுன்னு எடுத்தா, அபராதம் கெடு தாண்டினவங்களுக்கு மட்டும். நாலுன்னு எடுத்தா எல்லாருக்கும்! பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் சமர்த்தா ஓடும். ஒழுங்கா பணம் கட்டின மனுஷன் தலையிலயும் அபராதம் விழும்.

நம்ம பேட்டைக்குப் பக்கத்துல, பெசன்ட் நகர்ல, உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கு. 1943-ல ஆரம்பிச்சது. பழைய ஓலைச்சுவடிகள்ல வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விட மாட்டாங்க, பெரும்பாலும் புள்ளியும் வைக்க மாட்டாங்க. பலகையா, பல கையான்னு பதிப்பிக்கறவர்தான் முடிவு பண்ணணும். எழுதினவன் என்ன நினைச்சான்னு தெரியாம இடைவெளி போட்டா அர்த்தமே மாறிடும். தாத்தா பட்ட பாட்டுக்கு முன்னாடி நம்மளுது தூசு!

யூனிக்ஸ்ல இதுக்குன்னே எக்ஸ்பாண்ட்னு ஒரு கட்டளை இருக்கு. எண் எதுவும் சொல்லலைன்னா எட்டுதான் எடுத்துக்கும், நமக்கு வேண்டியதும் அதான். வரியோட தொடக்கத்துல இருக்கற டேப்பை மட்டும் மாத்தச் சொல்லிட்டோம், மேற்கோளுக்குள்ள இருக்கறது தப்பிச்சுது. மேக்ஃபைல் பக்கமே போகலை. அதுல கட்டளை வரிகள் டேப்லதான் தொடங்கணும். 1976-ல மேக்கை எழுதின ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு பேர் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்களேன்னு மாத்தாம விட்டது, இன்னைக்கும் நம்ம தலையில!

அப்புறம் பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பைத்தான் 2-லயே படிக்க விட்டு, ரெண்டோட தொடரமைப்பு மரத்தையும் ஒப்பிட்டோம். ஒரு கிளைகூட மாறலை. இந்த ஒரு மாற்றத்தைத் தனி கமிட்டா போட்டு, வரலாறு பாக்கறப்ப இதைத் தாண்டிப் போன்னு கிட்டுக்கும் சொல்லி வெச்சாச்சு. 2019-ல வந்த 2.23-லேருந்து அந்த வசதி இருக்கு. இல்லைன்னா ஆயிரக்கணக்கான வரிக்கு அந்தத் தம்பி பேருல்ல நிக்கும்!

ஸ்கிரிப்ட் என்னவோ ஒரு வரிதான். சரிபார்க்கத்தான் ஒரு நாள் ஆச்சு. கெடுவுக்கு முன்னாடியே பணம் கட்டறவங்களுக்கு இதெல்லாம் தெரியவே போறதில்ல. தெரியாமலே இருக்கட்டும்.