கோவையிலை வாசம்

போன வெள்ளிக்கிழமை, பாகூர்ப் பக்கத்தில் பேத்தி படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தபோது, வேலியில் படர்ந்த கொடியை வாட்ச்மேன் அரிவாளால் இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார், கசங்கிய கோவையிலையின் பச்சை வாசம் சன்னல் வழியே வந்தது, வந்ததும் குனிந்து என் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டேன், கறுப்பாக இருக்கிறதா என்று.

கோவையிலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது எங்கள் கூரைப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை, தண்ணீர் கூடிவிட்டால் திங்கட்கிழமை எழுத்தெல்லாம் வழுக்கும், வாத்தியார் பொடிமட்டையைத் தட்டிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்ப்பார். சர்க்கார் பள்ளிதான், ஆனாலும் சித்திரையில் கூரை மாற்றுவதற்குத் தாத்தா விடியற்காலையிலேயே தெருவில் இறங்கிவிடுவார், இந்த வீட்டுக்கு இத்தனை கட்டுக் கீற்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போவார், கீற்று இல்லாத வீட்டில் கயிறு, அதுவும் இல்லையென்றால் ஒரு ஆள். புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்த கதையை, நேரில் பார்த்தவர் மாதிரியே சொல்லுவார். அறுவடைக்கு அறுவடை வாத்தியார் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போகும், அவரும் சும்மா இருக்கமாட்டார், பையன் இரண்டு நாள் வரவில்லையென்றால் களத்துமேட்டுக்கே வந்து நிற்பார், அப்பன்காரன் நெளிவான்.

மூலநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம், "இந்த ஊர்ல அந்தக் காலத்துலயே காலேஜி இருந்துதுடா" என்பார் தாத்தா. பொய்யில்லை, 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் ஆட்சியில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேடு இருக்கிறது. அங்கே நடந்ததெல்லாம் வடமொழிப் படிப்பு, எங்கள் தெருப் பிள்ளைகளை வாசலில்கூட நிற்கவிட்டிருக்க மாட்டார்கள், தாத்தாவுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் ஏரிக்கரைக் காற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையேதான் சொல்லியிருப்பார்.

வில்லியனூர்ப் பக்கத்து ஆயா வீட்டுத் திண்ணைக்கு வேறு வாசம், மண்ணெண்ணெய், கருகிய ஈசல், ஆயாவின் வெற்றிலை. 1990 வாக்கில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் புதுச்சேரிக் கிராமங்களில் நடந்தபோது நானும் சம்பளமில்லாத தொண்டன், நடவு முடித்துக் குளித்துச் சோறாக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்கார எட்டு மணியாகிவிடும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சிலேட்டைக் கண்ணுக்கு இத்தனை கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஆயா தன் பெயரின் 'ஞ்'சோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினாள். பிறகு யார் எந்தத் தாளை நீட்டினாலும், "இரு, படிச்சிட்டுப் போடறேன்" என்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவாள், பின்னால் வரிசை முணுமுணுக்கும், அவளுக்கு அவசரமே கிடையாது. அதுவரை முப்பது நாற்பது வருஷம், படிக்காத தாளிலெல்லாம் கட்டைவிரலை அழுத்தியவள்.

"சார், டீ" என்றார்கள். காகிதக் குவளை, இரண்டு பிஸ்கட், சுவரில் மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகை, பள்ளி சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு வந்த பாடப் புத்தகங்கள், அவற்றில் பாதிக்கு மேல் பெற்றோருக்கு வாசிக்க வராது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள், அந்தக் கணக்கெல்லாம் இங்கே சரியாகத்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகம் முன்கூட்டியே எழுதப்பட்டு வரும், பேருக்கு நேரே கையெழுத்து, பிறகு டீ, இருபது நிமிஷத்தில் வண்டியை எடுத்துவிடலாம், மூன்று கூட்டமாக நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

புத்தகம் என்னிடம் வந்தது, பேனாவும் வந்தது. சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இருங்க டீச்சர், படிச்சிட்டுப் போடறேன்" என்றேன், சத்தமாகவே படித்தேன். மூன்றாவது வரி, குடிநீர் வசதி திருப்திகரமாக உள்ளது.

"எங்க, எம் பொண்ணு வூட்லேர்ந்துதான பாட்டில்ல எடுத்தாருது" என்றாள் பக்கத்தில் இருந்த பெண், அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். டீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கிக்கொண்டார்.