கொளத்தூர்த் தொட்டிகளின் வெப்பம்

வட சென்னையின் கொளத்தூரில் வண்ணமீன் பண்ணைக்குள் நுழைகிறவர் தொட்டியைக் குனிந்து பார்ப்பதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். சிமெண்டுத் தொட்டிகளுக்கு மேல் பச்சை நிழல்வலை, சில இடங்களில் தென்னங்கீற்று. சித்திரை வெயில் நீரில் நேரடியாக விழாதபடி செய்வதிலேயே இத்தொழிலின் பாதித் திறமை இருக்கிறது என்பேன். நான் பார்த்த பண்ணைகளில் வேலை செய்பவர்கள் குழாய் வைத்து அடிக்கழிவை உறிஞ்சி எடுத்துவிட்டு, குறைந்த அளவுக்கு முதல்நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஊற்றுமுன் இரண்டு நீரிலும் கைவிட்டுப் பார்க்கிறார்கள். தொட்டியில் இருப்பது 27 டிகிரியா 29 டிகிரியா என்று கைக்குத் தெரியாது. ஆனால் ஒரு நீர் மற்றதைவிடக் குளிர்ந்திருந்தால் கை உடனே சொல்லிவிடும். வீட்டில் மீன் வளர்க்க வருபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை டிகிரி வைக்கணும்?’ பெரும்பாலும் 26 என்று பதில் கிடைக்கும். அந்த எண்ணில் பிழை இல்லை. ஆனால் நம் வீட்டு நீர் ஒரு நாளில் எவ்வளவு ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை எந்த மீன் தாங்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பண்ணைக்காரரின் கை அளப்பதும் அதைத்தான்.

மீனின் உடல் வெப்பம் அது இருக்கும் நீரின் வெப்பம்தான். நீர் 10 டிகிரி ஏறினால் அதன் உடல் இயக்கம் ஏறக்குறைய இரு மடங்காகும். அதற்கேற்ப ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். ஆனால் 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். தேவை கூடும்போதே இருப்பு குறைகிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுப்பகுதியும் வெப்பத்தோடு வளர்கிறது. மீனை அனுப்புவதற்கு முன் பட்டினி போடுவது, பாலித்தீன் பையில் கொஞ்சம் நீரும் மீதி ஆக்சிஜனுமாக நிரப்புவது, பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குவது எல்லாமே இந்தக் கணக்கை அனுபவத்தால் கற்றவர்களின் வேலைமுறை. ஒரே அறையின் வெப்பம் எல்லா மீனுக்கும் ஒன்றல்ல. ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்புடையது. 30 டிகிரி நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். கோல்டு பிஷ் குளிர்ந்த நீருக்கு உரியது. 18 முதல் 23 டிகிரி அதற்கு இதம். அமேசான் பகுதியிலிருந்து வந்த டிஸ்கஸுக்கு 28க்குக் கீழே போனால் ஆகாது. கோல்டு பிஷ்ஷையும் டிஸ்கஸையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் விடச் சொல்லும் விற்பனையாளர் வாங்குபவருக்கும் மீனுக்கும் அநீதி செய்கிறார்.

தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஹீட்டர் சூடாக்கும், குளிரவைக்காது. சென்னையின் துன்பமோ மே மாதத்துப் பிற்பகல். குளிரூட்டும் கருவியின் விலை சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆறு, குளங்களில் பகலும் இரவும் மாறத்தானே செய்கிறது, அங்கே மீன் பிழைக்கவில்லையா என்பது இன்னும் வலுவான கேள்வி. பிழைக்கிறது, ஆனால் பெரிய நீர்ப்பரப்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், மீனும் ஆழத்துக்கோ நிழலுக்கோ நகர்ந்துகொள்ளும். 20 லிட்டர் தொட்டியில் நகர இடமில்லை. சன்னலோரத் தொட்டி சில மணி நேரத்தில் பல டிகிரி ஏறிவிடும். கொளத்தூரிலேயே கோல்டு பிஷ் குஞ்சு பொரித்து வளர்கிறதே என்றும் சொல்வார்கள். உண்மைதான். பல தலைமுறையாக இங்கே வளர்ந்த மீன் இந்த வெப்பத்துக்கு ஓரளவு பழகியிருக்கிறது. ஆனால் அதற்கு அகன்ற தொட்டியும் ஓயாத காற்றோட்டமும் பண்ணையில் கிடைக்கின்றன. வீட்டுக் கிண்ணத்தில் இரண்டும் கிடையாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்கச் சொல்வதும் சரியான வைத்தியமே: வெப்பத்தில் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி விரைவதால், அது மீனை விட்டு நீரில் இறங்கும் கட்டத்தில் மருந்து சீக்கிரம் எட்டும். அதையும் ஒரே மூச்சில் ஏற்றினால், காற்றுக்கல்லைக் கூட்டாமல் விட்டால், நோய்க்கு முன் வைத்தியம் மீனைக் கொன்றுவிடும்.

ஆகவே தொட்டி வாங்கியதும் மீனில்லாமல் நீரை மட்டும் நிரப்பி, விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணிக்கும் வெப்பமானியைப் பார்ப்பதே தேர்வின் முதல் வேலை. கோடையில் 30ஐத் தொடும் வீட்டுக்கு ஃபைட்டர், கௌராமி பொருந்தும். உதகையில் குடியிருப்பவர் கோல்டு பிஷ்ஷை ஹீட்டர் இல்லாமலே வளர்க்கலாம். டிஸ்கஸ் கேட்டால் ஆண்டு முழுதும் மின்சாரத்துக்குச் செலவிட வேண்டும். வாங்கி வந்த பையை அவிழ்க்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து மீனை விடுங்கள். சென்னைவாசிகள் ஹீட்டருக்கு முன்பாக வாங்க வேண்டியது, மின்தடையிலும் ஓடுகிற பாட்டரி ஏரேட்டர்.