பறவைகளை நம்பி ஒரு ஊர்... செயின்ட் கில்டா தீவு காலியான கதை!

1727 ஆகஸ்ட் மாதம். கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை அது. உயரம் 196 மீட்டர். கடற்பறவை பிடிப்பதற்காக மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் அங்கே இறக்கிவிட்டுப் போனது ஒரு படகு. சில நாள்களில் திரும்பி வர வேண்டிய படகு, வரவே இல்லை. குளிர்காலமும் வந்துவிட்டது. சின்னக் கல்குடில் ஒன்றில் ஒண்டிக்கொண்டு, பறவையையும் மீனையும் தின்று, ஒன்பது மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். அடுத்த மே மாதம் மீட்கப்பட்டபோது 11 பேருமே உயிரோடு இருந்தார்கள்.

ஊரில் இருந்தவர்களில்தான் பெரும்பாலானோர் இல்லை. வெளியூரில் பெரியம்மையால் இறந்த ஒருவரின் துணிகள் படகில் வந்து சேர, நோய் ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. பாறைக்குப் படகு ஓட்டக்கூட ஆள் மிஞ்சவில்லை!

ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். 'ஹிர்டா' என்ற ஒரே தீவில்தான் ஊர். மரமே கிடையாது. அலை ஆவேசமாக இருப்பதால் மீன்பிடிப்பை முழுதாக நம்ப முடியாது. பிழைப்பு பெரும்பாலும் பறவைதான். ஆண்கள் வெறுங்காலோடு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைகளில் இறங்கி கேனட், ஃபுல்மார், பஃபின் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வருவார்கள். இறைச்சி, காற்று புகும் கல்கொட்டகைகளில் காய்ந்து குளிர்காலத்துக்குச் சேமிப்பாகும். ஃபுல்மாரின் வயிற்று எண்ணெய் விளக்கெரிக்க. இறகுகள், நிலத்துக்கு வாடகை! தலைவர் என்று யாரும் இல்லை. காலையில் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவுசெய்வார்கள்.

பறவைகளோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்தவர்கள் பறவைகளுக்கு நல்லவர்களாகவே இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த 11 பேருக்கு அடைக்கலம் தந்த அதே பாறையில், 1840-ஐ ஒட்டி ஒரு கிரேட் ஆக் பறவை சிக்கியது. பறக்கத் தெரியாத, பெரிய பறவை. கட்டி வைத்த மூன்றாவது நாள் புயல் வந்தது. 'இது சூனியக்காரி' என்று பயந்து அடித்தே கொன்றார்கள். பிரிட்டனில் காணப்பட்ட கடைசி கிரேட் ஆக் அதுதான். சில ஆண்டுகளில் உலகத்திலேயே அந்த இனம் இல்லாமல் போனது.

மனிதர்களின் எண்ணிக்கையும் கரைந்தது. 1697-ல் 180 பேர் போல இருந்த ஊரிலிருந்து, 1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பலர் வழியிலேயே இறந்தனர். பிறந்த சில நாள்களில் டெட்டனஸால் இறந்த குழந்தைகளும் ஏராளம். 1930-ன் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் நோயுற்று இறக்க, மீதமிருந்தவர்களின் மனம் விட்டுப்போனது. 'எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று அரசுக்கு அவர்களே மனு எழுதினார்கள்.

ஆகஸ்ட் 29, 1930. கிளம்பும்முன் ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் தானியமும் வைத்தார்கள். நாய்களைக் கழுத்தில் கல் கட்டிக் கடலில் மூழ்கடித்தார்கள். கூட்டிக்கொண்டு போக வழியில்லை என்பதுதான் காரணம். என்றாலும், படிக்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசியாகக் கப்பலேறியவர்கள் 36 பேர். மரமே பார்க்காமல் வளர்ந்தவர்களில் பலருக்கு, அரசு கொடுத்தது வனத்துறை வேலை!

மனிதர்கள் போனதும் முதலில் அழிந்தது யார் தெரியுமா? வீட்டு எலிகள். வேறெங்கும் இல்லாத தனி வகை அது. மனிதர்களின் அடுப்படியை நம்பி வாழ்ந்த அந்த எலிகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துபோயின. வயல் எலி மட்டும் தப்பித்து, இன்றும் அங்கே இருக்கிறது. உடல் எடை பிரிட்டனின் மற்ற இடங்களில் உள்ள எலியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இப்போது கோடையில் சுமார் 60,000 ஜோடி கேனட்கள் அங்கே கூடு கட்டுகின்றன. லட்சத்துக்கும் மேற்பட்ட பஃபின் ஜோடிகளும் வருகின்றன. 2021, 2022-ல் பறவைக் காய்ச்சல் பரவி, தீவின் கிரேட் ஸ்குவா பறவைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. இந்த முறை நோய் வர படகு தேவைப்படவில்லை.

படகைப் பற்றிய பயம் மட்டும் தீரவில்லை. பஃபின் முட்டையிடுவது மண் வளைக்குள். ஊரெலி ஒரு ஜோடி கரையேறினாலும் போதும், முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. அதனால், தீவுக்கு வரும் ஒவ்வொரு படகும் 'எங்கள் படகில் எலி இல்லை' என்று உறுதிசெய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.