ஈர நெல்லும் பழைய குட்டியானையும்



தை பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை சூடுபிடிக்கும். அய்யம்பேட்டை, பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை என்று தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையோர ஊர்களில் நெல் மூட்டைகளைச் சுமந்து செல்லும் சிறு வண்டிகள் இரவும் பகலும் ஓடும். பெரிய லாரி நுழைய முடியாத வயல் பாதைக்கும் வாய்க்கால் பாலத்திற்கும் ஏற்ற வண்டி என்பதால், 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே டெல்டா முழுவதும் பரவிவிட்டது. மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயரிட்டார்கள். இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. இந்த எளிய வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

எங்கள் வண்டி 2012-ஆம் ஆண்டு மாடல். சில ஆண்டுகளுக்கு முன் அதை என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. முன்பணம் கொஞ்சம் கட்டினால் புது வண்டி வந்துவிடும், மிச்சத்தைத் தவணையில் அடைக்கலாம் என்றார் தம்பி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய கூலியும் போகும், வாடிக்கையும் போகும். ஆனால் அந்தத் தவணையோடு வட்டியும் வரும். அத்தா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “வட்டிக்கு எடுத்த வண்டியில ஓடுன காசு நம்ம அடுப்புல எரிய வேணாம்ப்பா. இருக்கறதை ஒழுங்கா வச்சுக்குவோம்.”

அன்று முதல் லோடு ஒன்றுக்கு 100 ரூபாய் தனிப் பெட்டியில் போடுகிறோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 300 லோடு ஓடுவதால் 30,000 ரூபாய் சேர்கிறது. பழுதுபார்ப்பும் மேம்பாடும் இதற்குள் அடங்க வேண்டும். தொழிற்கருவியாக இருக்கும் வண்டியின் மதிப்பிற்கு ஜகாத் இல்லை; ஆனால் பெட்டியில் சேரும் பணம் ஏனைய ரொக்கத்தோடு சேர்ந்து நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத்திற்கு உட்படும் என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டோம்.

பணம் குறைவாக இருக்கும்போது, அதை முதலில் எதற்குச் செலவிடுவது என்பதே பெரிய கேள்வி. இதற்கு விடை தேடும்போது எங்களுக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை விவசாயிகள் நன்கறிவார்கள்.

பழைய வண்டியிலும் ஈர நெல்லை மறைக்க முடியும். துருவின் மேல் பெயிண்ட் அடித்து, புதுச் சீட் உறை போட்டு, கண்ணாடியில் அழகாக எழுதிவிட்டால் வண்டி புதிது போலத் தோன்றும். பத்தாயிரம் ரூபாய் கையில் இருக்கும்போது மனம் அங்கேதான் முதலில் ஓடுகிறது. எங்கள் வண்டியை ஓட்டுபவர் எங்கள் தெருச் சகோதரர்; மூன்று பிள்ளைகளின் தந்தை. அவர் மாலையில் வீடு திரும்புவது கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பொறுத்தது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாததற்கே முதற்செலவு என்று முடிவு செய்தோம்.

முதலிடம் பிரேக்கிற்கும் டயருக்கும். அறுவடைக் காலத்தில் நம் கிராமச் சாலைகளில் பாதி அகலத்திற்கு நெல் காயும். அதன்மீது சக்கரம் ஏறினால் மணலில் வழுக்குவது போல வழுக்கும். பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பிரேக் ஷூவை அறுவடைக்கு முன்னரே பார்த்துவிடுகிறோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது என்பதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுகிறோம். தேய்ந்த டயரைப் பின்னால் தள்ளிச் சமாளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

இரண்டாமிடம் சேசிஸிற்கு. வயல் சேறு அடியில் அப்பிக் காய்ந்தால், அதனுள் தங்கும் ஈரம் இரும்பை உள்ளிருந்தே தின்னும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் போய்வரும் வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவுவதற்குச் செலவு மிகக் குறைவு. துருப்பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசிய பிறகே மேல்வண்ணம். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங். இதோடு இன்னொன்று: வைக்கோல் ஏற்றி இறக்கிய பின் சைலன்சரைச் சுற்றியும் சுழலும் தண்டிலும் சிக்கிய வைக்கோலைக் கையாலேயே அகற்றிவிட வேண்டும். சூடான சைலன்சரில் காய்ந்த வைக்கோல் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

மூன்றாமிடம் எஞ்சினுக்கு. அறுவடை இயந்திரம் ஓடும் இடத்தில் பறக்கும் நெல் சுணையும் தூசியும் ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும். அந்த இரண்டு மாதங்களும் அதை வாரந்தோறும் திறந்து பார்க்கிறோம். எஞ்சின் ஆயிலைக் குறித்த கிலோமீட்டரில் தவறாமல் மாற்றுகிறோம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். கூலண்ட் விலை கூடுதல்தான். ஆயினும் சூடேறி வளைந்த சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

மேம்பாடு என்று நாங்கள் செய்தவை சிலவே. முகப்பு விளக்கிற்கு ரிலே பொருத்தி, புது வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தோம். பழைய வயரில் வீணாகிய மின்னழுத்தம் மிச்சமாகி, அதே பல்பு பளிச்சென்று எரிகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள் வேண்டாம் என்று தவிர்த்தோம். பின்புறமும் பக்கங்களிலும் ஒளிரும் பட்டைகள் ஒட்டினோம். தொட்டியின் விளிம்பில் கயிறு கட்டக் கூடுதல் கொக்கிகளும், மூட்டை நனையாதிருக்க நல்ல தார்ப்பாயும் வாங்கினோம்.

செய்ய மறுத்த மேம்பாடு ஒன்று உண்டு. “பாய், ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூட்டிப் போட்டுட்டா முப்பது மூட்டை தூக்கும், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னார். கொள்முதல் நிலையச் சிப்பம் ஒன்று 40 கிலோ. 18 சிப்பம் என்றால் 720 கிலோ. வண்டியின் அளவு அதுதான். முப்பது என்றால் 1,200 கிலோ. பட்டையைக் கூட்டினால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவே. பிரேக்கும் அச்சும் டயரும் சேசிஸும் முன்பிருந்த அதே வலுவில்தான் இருக்கும். இதுவும் ஈர நெல்லை மறைக்கும் வேலையே. அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்ததையும், அதன் உரிமையாளரை நபியவர்கள் கண்டித்ததையும் அபூதாவூதில் படிக்கிறோம். இரும்பு கண்ணீர் வடிக்காது. ஆனால் அதை ஓட்டுபவருக்கும் எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் உயிர் இருக்கிறது. 18 சிப்பத்திற்கு மேல் ஏற்றுவதில்லை என்பதால் சில வாடிக்கைகள் கைவிட்டுப் போயின; அந்த வருமானம் போனதுதான். ஆனால் கிளட்ச் பிளேட்டும் டயரும் முன்னைவிட நீண்டகாலம் உழைக்கின்றன. சுமையைக் குறைப்பதைவிட மலிவான பராமரிப்பு வேறில்லை.

வலீமாவிற்கும் நாற்று நடவிற்கும் ஆட்களை ஏற்றிச் செல்ல வண்டி கேட்டு வருபவர்களுக்கும் நாங்கள் மறுப்பே சொல்கிறோம். சரக்கு வாகனத்தில் மக்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். தொட்டியில் நிற்பவருக்குப் பிடிமானமும் இல்லை, காப்பீடும் கைகொடுக்காது. உறவினர்கள் வருத்தப்படுகிறார்கள். சாமான்களை ஏற்றிக்கொள்கிறோம், ஆட்களுக்கு வேன் பிடித்துத் தருகிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த வண்டியும் நிரந்தரமன்று. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்திற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்; பதினைந்தைக் கடந்த வண்டிகளுக்கான கட்டணமும் 2022 ஏப்ரலில் பலமடங்கு கூட்டப்பட்டது. அந்த எல்லையை எங்கள் வண்டி நெருங்குகிறது. அடுத்த வண்டிக்காக வேறொரு சேமிப்பையும் தொடங்கியிருக்கிறோம். இதை விற்கும் நாளில், எங்கே வெல்டிங் வைத்தோம், எந்தப் பாகம் தளர்ந்திருக்கிறது என்று வாங்குபவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்பது வீட்டில் பேசி முடிவான செய்தி. அதனால் விலை ஐயாயிரமோ பத்தாயிரமோ குறையலாம். குறையட்டும் என்றார் தம்பி.

இது சம்பா அறுவடைக் காலம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நிற்குமானால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்குப் பிறகு அதன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும், சாலையில் செல்லும் அனைவருக்கும் பாதுகாப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.