கடல் உப்பில் அயோடின் இருக்கா?

"கடல்ல விளையிற உப்புதானே, அயோடினை எதுக்குத் தனியாக் கலக்கணும்?" கல் உப்பு, இந்துப்பு என்று பேச்சு வந்தாலே யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு படியும்போது அயோடின் அதில் பெயருக்குத்தான் தங்கும். கடல் மீனில் உண்டு, பாசியில் நிறையவே உண்டு. இந்துப்பும் அதே கதைதான், விலைதான் பல மடங்கு!

அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். கடையில் நாம் வாங்கும் ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அவ்வளவு துளிதான். அது கர்ப்பிணிக்குக் கிடைக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

இந்தத் துளிக்காக அரசு தடுமாறியதுதான் வேடிக்கை. அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்க 1998இல் தடை, 2000இல் தடை நீக்கம், 2006இல் மறுபடியும் தடை. தடை சரி என்பதே என் கட்சி. ஆனால் கலக்கும் இயந்திரத்துக்குச் சின்ன உப்பளக்காரர் எங்கே போவார் என்ற கேள்வியைக் கிண்டல் செய்ய மாட்டேன்.

வீட்டில் நம் வேலையும் கொஞ்சம் உண்டு. உப்பு ஜாடியை அடுப்பருகே திறந்து வைக்காதீர்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் அயோடின் வீணாவது குறையும்.